இல்லாத ஓடு: ஏழுவரி ஆமையின் புதைபடிவங்களும் 'ஆதி' என்னும் சொல்லும்

நான் எழுதிய ஒரு துண்டறிக்கையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாகை மாவட்டக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் கடலாமைகள் பற்றி நடந்த கூட்டத்துக்காக அவசரத்தில் எழுதியது. அதில் தோல்முதுகு ஆமையைப் பற்றி நான்கு வரி வந்தது: 'பத்துக் கோடி ஆண்டுகளாக மாறாமல் வாழ்ந்துவரும் உயிருள்ள புதைபடிவம். டைனோசர்களை அழித்த பேரழிவிலும் தப்பியது. மனிதனிடமிருந்து தப்புமா?' இந்த மாதிரி வாக்கியங்களை எழுதும்போது கை தானாக ஓடும். யாரோ எங்கோ எழுதியதை நாம் திரும்ப எழுதுகிறோம், அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் துண்டறிக்கையை நீட்டிப் படிக்கச் சொன்னார். படித்தேன். படத்தைப் பார்த்தார்.

"இது ஏழுவரி ஆமைல்ல? முதுகுல ஏழு வரி ஓடும். ஓடு கெடையாது தம்பி, தோலு. எங்க வலையில ஒரே ஒரு தடவ வந்துச்சு. வலைய அறுத்து விட்டோம். அது சரி, பத்துக் கோடி வருசமா மாறாம இருக்குன்னு போட்டிருக்கீங்களே, எப்படித் தெரியும்? எலும்பு எடுத்தாங்களா?"

"எடுத்திருக்காங்க பெரியவரே."

"அதுலயும் ஏழு வரி இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாகக் கிடைத்த பதில். தேடப் போன இடத்தில், ஓர் உயிரியின் எலும்பை எப்படி வாசிப்பது என்பதை முன்வைத்து நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவந்த ஒரு சண்டை கண்ணில் பட்டது. அது நம் சண்டையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் உடலைப் பார்ப்போம். நமக்குப் பழக்கமான ஆமையின் ஓடு அதன் மேல் கவிழ்த்துவைத்த சட்டி அன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று, தகடுகளாகி, ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதுதான் ஓடு. அதாவது ஆமை தன் எலும்புக்கூட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. ஆமையை ஓட்டிலிருந்து உருவிவிட முடியாது. சினிமாவில் வருகிற கார்ட்டூன் ஆமைகள் செய்கிற வேலை அது. ஏழுவரி ஆமையில் இந்த ஏற்பாடு குலைந்துகிடக்கிறது. விலா எலும்புகள் தனித்தனியே நிற்கின்றன. தகடு என்று சொல்ல முதுகுப் பக்கம் பிடரியில் ஒன்றுதான் மிச்சம். அடிப்பக்கத்தில் மெலிந்த ஒரு எலும்பு வளையம். ஆனால் இவற்றுக்கு மேலே, கொழுப்பும் நாரும் கலந்த ஒரு படலத்தைத் தாண்டி, தோலுக்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன எலும்புச் சில்லுகள் பதிந்திருக்கின்றன. சில மில்லிமீட்டர் தடிமன். ஐங்கோணம், அறுகோணம், கோணல்மாணல் என்று பல வடிவம். ஓரங்களில் பல்லோடு பல் கோத்ததுபோல் பின்னிக்கொண்டு, ஒரு மொசைக் தரைபோல் பரவியிருக்கும். அந்த ஏழு வரிகள் ஓடுகிற தடத்தில் மட்டும் சில்லுகள் பெரியவை, கூரையின் முகடுபோல் மேடிட்டவை. விறைப்பான ஓடு உள்ள ஆமையால் ஆயிரம் மீட்டருக்கும் கீழே முக்குளிக்க முடியாது. ஏழுவரி 1,200 மீட்டர் ஆழத்தையும் தாண்டிப் போவதைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கிற முதுகு அது.

ஆகவே இதற்கு ஓடு உண்டா இல்லையா? உண்டு, ஆனால் மற்ற ஆமைகளின் ஓடு இதற்கு இல்லை. இந்த 'உண்டு-இல்லை'தான் எல்லாச் சிக்கலுக்கும் ஊற்று.

இப்படிப்பட்ட உடல் செத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய, துளைகள் நிறைந்த எலும்பு, நிறையக் குருத்தெலும்பு. தோல் அழுகினால் மொசைக் உதிர்ந்து கடலடியில் சிதறிவிடும். முழு எலும்புக்கூடு கிடைப்பது அபூர்வம். கிடைப்பதெல்லாம் கையளவு சில்லுத் துண்டுகள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தாடை, ஒரு துடுப்புக்கால் எலும்பு. 'பத்துக் கோடி ஆண்டு மாறாமல்' என்று எழுதியபோது என் மனதில் அருங்காட்சியகத்தில் நிற்கிற முழு எலும்புக்கூடு ஒன்று இருந்தது. நிஜத்தில் இந்தக் குடும்பத்தின் வரலாறு பெரும்பாலும் உதிர்ந்த சில்லுகளால் எழுதப்பட்டது. நடுவில் நிறைய மௌனம்.

அந்தச் சில்லுகளில் புகழ்பெற்றவை இன்றைய ஸ்லோவாக்கியாவில், பிராட்டிஸ்லாவா நகரின் ஓரத்தில் கிடைத்தவை. அன்று அது ஆஸ்திரியப் பேரரசின் பகுதி, ஊருக்கு ஜெர்மன் பெயர். மியோசீன் காலத்தில், சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே கடல் இருந்தது. ஹெர்மான் ஃபான் மேயர் என்ற ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் 1847-இல் அவற்றுக்கு செஃபோஃபோரஸ் பாலிகோனஸ் என்று பெயர் வைத்தார். 'பல கோணக் கூழாங்கல் சுமப்பி' என்று தமிழில் சொல்லலாம். (கிரேக்கத்தில் 'செஃபோஸ்' என்றால் கூழாங்கல். ஏதென்ஸ்காரர்கள் ஓட்டுப் போடப் பயன்படுத்தியதும் அதுதான்.) வேடிக்கை என்னவென்றால், மேயர் இது ஆமை என்றே முதலில் நினைக்கவில்லை. அர்மடில்லோ போன்ற ஏதோ ஒரு கவசப் பாலூட்டியின் தோல் என்று நினைத்தார். நம் ஊர் அழுங்கைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழப்பம் புரியும். கவசம் தோலில் இருந்தால் அது ஆமையாக இருக்க முடியாது என்பது ஐரோப்பிய அறிவின் அன்றைய இலக்கணம். 1880-இல் ஹாரி சீலி என்ற ஆங்கிலேயர் வந்து, இது ஆமைதான், தோல்முதுகு ஆமைக்கு உறவு என்று எழுதும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த எலும்பு அடையாளம் மாறியே கிடந்தது.

இத்தனைக்கும் உயிருள்ள ஆமையை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். 1554-லேயே ரோந்தெலே என்ற பிரெஞ்சு மருத்துவர் தன் மீன் நூலில் இதை வர்ணித்துவிட்டார். 1760-இல் ரோம் அருகே கடற்கரையில் அகப்பட்ட ஒன்றைப் போப் பதின்மூன்றாம் கிளமென்ட் பதுவா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைக்க, வந்தெல்லி என்பவர் 1761-இல் லின்னேயஸுக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரித்தார். இன்றைய அறிவியல் பெயரின் பின்பாதியான 'கோரியாசியா', அதாவது 'தோலாலானது', அங்கிருந்து வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் லூட் ஆமை என்கிறார்கள். லூட் ஒரு நரம்பு இசைக்கருவி. முதுகு வரிகளை அவர்கள் தந்திகளாகப் பார்த்தார்கள் போல. நம் ஆட்கள் வரியை எண்ணினார்கள். லின்னேயஸ் பரம்பரை 'ஓடு இல்லை, தோல்' என்று இல்லாமையைப் பெயராக்கியது. நாகைக் கரையின் பெயர் இருப்பதைச் சொல்கிறது. (அழுங்காமை என்ற பெயரும் அழுங்கின் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அதன் ஓட்டைப் பார்த்து வந்தது என்பது என் ஊகம். ஊகம்தான்.)

இல்லாமையைப் பெயராக்குவதில் ஒரு ஆபத்து உண்டு. அது சீக்கிரமே கோட்பாடாகிவிடும். 1871-இல் அமெரிக்கரான எட்வர்ட் டிரிங்கர் கோப் ஆமைகளை வகைப்படுத்தியபோது, ஏழுவரி ஆமையை மற்ற எல்லா ஆமைகளிடமிருந்தும் பிரித்துத் தனியே வைத்தார். அந்தப் பிரிவுக்கு அவர் இட்ட பெயர் 'அதீகே', அதாவது ஓடு அற்றவை. அதன் உள்ளுறை இதுதான்: ஆமைகளின் ஆதிமூதாதைகளுக்கு ஓடு இருந்திருக்காது, இதற்கும் ஓடு இல்லை, எனவே இதுதான் ஆதி. மற்றவை எல்லாம் ஓடு பெற்று 'முன்னேறியவை', இது முன்னேறாமல் நின்றுபோனது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆமைப் பட்டியலை 1889-இல் தொகுத்த பூலாஞ்சே போன்ற பெரிய மனிதர்களும் இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டார்கள்.

மறுத்தவர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் பௌர் மண்டையோட்டைக் காட்டி, இது மற்றக் கடலாமைகளின் நெருங்கிய உறவு, ஓட்டைப் பின்னால் இழந்தது என்றார். ஆனால் வாதத்தை முழுக்கத் திருப்பிப் போட்டவர் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த லூயி டோலோ. பெர்னிஸார் சுரங்கத்தில் கிடைத்த இக்வனோடான் டைனோசர்களை நிற்கவைத்தவர் என்றால் சிலருக்குத் தெரிந்திருக்கும். பரிணாமம் திரும்பி நடக்காது, ஒரு உறுப்பு இழக்கப்பட்டால் அதே உறுப்பு அதே வடிவில் மீண்டும் வராது என்ற 'டோலோ விதி'யை அவர் 1893-இல் சொன்னார். 1901-இல் அந்த விதியை இந்த ஆமையின் முதுகில் ஏற்றிப் பார்த்தார்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. கீழே மிச்சம் மீதியாக ஒரு ஓடு, மேலே தோலில் இன்னொரு ஓடு. எதற்கு இரண்டு? அவர் சொன்ன கதை இப்படிப் போகிறது. இதன் மூதாதை சரியான ஓட்டோடு கரையோரம் வாழ்ந்தது. ஆழ்கடலுக்குப் போனபோது ஓடு பாரமாகித் தேய்ந்தது. பிறகு ஏதோ காரணத்தால் மறுபடி கரையோரத்துக்கு வந்தது. கவசம் தேவைப்பட்டது. ஆனால் இழந்த ஓடு திரும்ப வராது. ஆகவே தோலிலிருந்து வேறொரு ஓடு முளைத்தது. மீண்டும் ஆழ்கடல், அந்தப் புது ஓடும் மெலியத் தொடங்கியது. இன்று நாம் பார்க்கிற சில்லுகள் அந்த இரண்டாம் ஓட்டின் தேய்ந்த மிச்சம். செஃபோஃபோரஸின் சில்லுகள் இன்றைய ஏழுவரியின் சில்லுகளைவிடத் தடித்தவை என்பது இந்தக் கதைக்குத் தோதாக இருந்தது.

இந்தப் போக்குவரத்துக் கதையை இன்று அப்படியே ஏற்பவர்கள் அரிது. கரைக்கு ஒருமுறை திரும்பி வந்தது என்பதற்கு எலும்புச் சாட்சி கிடையாது. எனக்கும் அது கொஞ்சம் ரொம்ப அழகான கதையாகத்தான் படுகிறது. ஆனால் கதையை எடுத்துவிட்டாலும் அதன் அடியில் இருக்கும் கண்டுபிடிப்பு நிற்கிறது. கோப் 'இன்னும் வரவில்லை' என்று வாசித்த இடத்தில் டோலோ 'போய்விட்டது, வேறொன்று வந்திருக்கிறது' என்று வாசித்தார். ஒரே முதுகு, இரண்டு வாசிப்பு. ஒன்றில் அந்த உயிரிக்கு வரலாறே இல்லை. இன்னொன்றில் மற்ற ஆமைகளைவிட அதற்குத்தான் வரலாறு கூடுதல்.

யார் சொன்னது சரி என்பதை முடிவுசெய்ய அடுக்கடுக்காகப் பாறைகள் வேண்டும். அவை மெதுவாக, உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்தன. டோலோ இருந்த காலத்திலேயே, 1919-இல், தெற்கு நைஜீரியாவின் இயோசீன் பாறையில் கிடைத்த ஒரு துண்டை விவரித்த ஆண்ட்ரூஸ், அதற்கு டோலோவின் பெயரையே இணைத்து காஸ்மோகெலிஸ் டோலோயி என்று பெயர் சூட்டினார். (காலனி ஆட்சியில் தோண்டப்பட்ட ஆப்பிரிக்க எலும்பில் ஒரு ஐரோப்பியர் இன்னொரு ஐரோப்பியருக்கு வைத்த மரியாதை. அதையும் குறித்துவைக்க வேண்டும்.) எகிப்தின் ஃபாயும் பகுதியிலிருந்து ஒன்று வந்தது, அதற்கு இன்று எகிப்டெமிஸ் என்று பெயர். பெருவிலிருந்து நாட்டெமிஸ். இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்து ராஜர் வுட்டும் கூட்டாளிகளும் 1996-இல் எழுதிய நீண்ட கட்டுரை இந்தக் குடும்பத்துக்கு முதல் ஒழுங்கான வரலாறு என்று சொல்லலாம்.

பெரியவரின் கேள்விக்கு அங்கேதான் பதில் தொடங்குகிறது. சில்லுகளின் அமைப்பு, வரி மேடுகளின் வடிவம், எண்ணிக்கை, உயரம் ஆகியவற்றை வைத்துத்தான் இந்தப் பேரினங்களையே பிரிக்கிறார்கள். பெருவின் நாட்டெமிஸுக்கு முதுகில் ஒரு பெரிய சில்லைச் சுற்றிச் சின்னச் சில்லுகள் சூரியகாந்திப் பூபோல் அமைந்திருக்கும். வரியைப் பார்த்து ஆமையைச் சொல்வது என்ற அந்தக் குப்பத்து முறையும் தொல்லுயிரியலாளர்களின் முறையும் அடிப்படையில் ஒன்றுதான். எனக்குத் தெரியாததை அவர் சரியாகவே கேட்டிருக்கிறார்.

அதே 1996-இல் இன்னொன்று நடந்தது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் கிடைத்த கிரிடேசியஸ் காலத்து ஆமை ஒன்றை ஹிராயாமாவும் சிடோகுவும் விவரித்தார்கள். பெயர் மெசோடெர்மோகெலிஸ். சுமார் 7 கோடி ஆண்டுப் பழமை. டைனோசர்கள் இருந்த காலத்தின் கடைசிப் பகுதி. ஏழுவரிக் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர்களில் ஒன்று. அதன் முதுகில் சில்லு மொசைக் கிடையாது. இருப்பது விலா எலும்போடு சேர்ந்த தகடுகள், மற்ற ஆமைகளுக்கு இருப்பதுபோல! அதற்குப் பின்வந்த இயோசீன் காலத்து இயோஸ்ஃபார்கிஸ் (இங்கிலாந்தின் லண்டன் களிமண்ணிலும் டென்மார்க்கிலும் கிடைத்தது) தகடுகள் குறுகிப்போன நிலையில் நிற்கிறது. நைஜீரிய, எகிப்திய ஆமைகளில் மொசைக் வந்துவிட்டது.

கோப்பின் 'ஓடு அற்ற ஆதி' எங்கே போயிற்று? பின்னோக்கிப் போகப்போக ஓடு கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. ஏழுவரியின் ஓடின்மை தொடக்கத்தின் எச்சமே இல்லை. அது சம்பாதித்துக்கொண்ட நிலை, ஒரு நீண்ட மாற்றத்தின் இந்த முனை. அங்கிருந்து என் துண்டறிக்கையைத் திரும்பிப் பார்த்தேன். 'மாறாமல்' என்ற சொல் அப்படியே பொய்.

'பத்துக் கோடி' என்ற எண்ணுக்கும் இதே கதிதான். அந்த வம்சக் கோடு மற்றக் கடலாமைகளிடமிருந்து பிரிந்த காலத்துக்கு அப்படி ஒரு கணக்கு உண்டு. ஆனால் கோடு வேறு, இன்று கடலில் நீந்துகிற இனம் வேறு. நம் பாட்டனுக்குப் பாட்டன் சோழர் காலத்தில் இருந்தான் என்பதால் எனக்கு ஆயிரம் வயது என்று சொல்ல முடியுமா? 1999-இல் பீட்டர் டட்டனும் சகாக்களும் உலகெங்கும் உள்ள ஏழுவரி ஆமைகளின் மைட்டோகாண்ட்ரியா மரபுப் பொருளை ஒப்பிட்டார்கள். வேறுபாடு வியக்கும்படி மிகக் குறைவு. இன்று உயிரோடு இருக்கும் ஏழுவரிகளின் தாய்வழி எல்லாம் 9 லட்சம் ஆண்டுகளுக்குள் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பனியுகம் ஒன்றில் ஒரே ஒரு சிறு கூட்டம் ஏதோ ஒரு புகலிடத்தில் தப்பி, அங்கிருந்து எல்லாக் கடல்களுக்கும் மறுபடி பரவியிருக்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் புகலிடம் இந்திய-பசிபிக் கடற்பரப்பில் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இதையும் புதைபடிவங்களையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் என் துண்டறிக்கைக்கு நேர் எதிரானது. இயோசீன் கடல்களில் இந்தக் குடும்பத்தில் பல வகை ஆமைகள் இருந்தன. நைஜீரியாவில், எகிப்தில், ஐரோப்பாவில், நியூசிலாந்தில், அன்று மிதமான கடல் சூழ்ந்திருந்த அண்டார்டிகாவின் சீமோர் தீவில்கூட. (நியூசிலாந்து ஆமைக்கு 1995-இல் டெரி பிராட்செட் என்ற நகைச்சுவை நாவலாசிரியரின் பெயரை வைத்தார்கள். அவருடைய நாவல்களில் உலகம் நான்கு யானைகள் மேலும், யானைகள் ஒரு ஆமையின் மேலும் நிற்கின்றன. நமக்கு இது புதுசா என்ன!) அத்தனையும் போய்விட்டன. மிஞ்சியது ஒரே ஒரு கிளை, அந்தக் கிளையிலும் நூலிழையில் தப்பிய ஒரு கூட்டம். 'எதையும் தாங்கும்' உயிரி என்று இதைச் சொல்ல எந்த எலும்பும் இடம் தரவில்லை.

'உயிருள்ள புதைபடிவம்' என்ற சொற்சேர்க்கை டார்வினுடையது. 1859-இல் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் பிளாட்டிபஸ் போன்றவற்றைக் குறிக்க எழுதினார். போட்டி குறைந்த ஒதுக்குப்புறங்களில் ஒடுங்கி வாழ்ந்ததால் தப்பியவை என்பது அவர் விளக்கம். ஏழுவரிக்கு இது எள்ளளவும் பொருந்தாது. ஊர்வனவற்றிலேயே மிகப் பரந்த கடல்வெளியில் அலைவது இதுதான். 1972-இல் கனடாவின் குளிர்கடலில் பிடிபட்ட ஒன்றின் உடல் வெப்பத்தை அளந்தார்கள்; நீர் 7.5 டிகிரி, உடலுக்குள் 25.5 டிகிரி. பல்லியும் பாம்பும் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். 1988-இல் வேல்ஸ் கரையில் ஒதுங்கிய ஆண் ஆமை 916 கிலோ. அந்தக் கறுத்த முதுகுக்கும் வரலாறு உண்டு. டென்மார்க்கில் கிடைத்த சுமார் 5.5 கோடி ஆண்டுப் பழைய தோலாமைப் படிவத்தில் தோலின் நிறமியே மிஞ்சியிருந்ததை யோஹான் லிண்ட்கிரென் குழு 2014-இல் காட்டியது. மெலனின், கறுப்பு. வெயிலை உறிஞ்ச அது உதவியிருக்கலாம் என்கிறார்கள். மாறாத ஒன்று வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் அந்தக் கறுப்பை வேண்டுமானால் கொடுக்கலாம்.

சரி, ஒரு துண்டறிக்கையில் ஒரு சொல் தப்பாகப் போனதற்கு இவ்வளவு பேச்சா என்று தோழர்கள் கேட்கலாம். எண்ணத்தில் நல்லதுதானே, ஆமையைக் காப்பாற்றத்தானே எழுதினாய் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த நான்கு வரியின் அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் காலமே தொடாத இயற்கை. மறுபக்கம் 'மனிதன்'. நடுவில் எந்த வரலாறும் இல்லை, எந்தக் கம்பெனியும் இல்லை, எந்த அரசும் இல்லை. அந்த 'மனிதன்' யார் என்று கேட்டால், கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான், வலையை அறுத்து ஆமையை விட்டவர்தான் என்றாகிவிடுகிறது. ஆதி என்ற சொல் இருந்தால் குற்றவாளி தேடுவது சுலபம்.

உண்மையில் ஏழுவரி எப்படிக் குறைந்தது என்பதற்குத் தேதியோடு கணக்கு இருக்கிறது. மலேசியாவின் தெரெங்கானு கடற்கரையில் 1956-இல் பத்தாயிரத்துக்கு மேல் கூடுகள். 1995-இல் அது சில பத்துகளாகச் சுருங்கியது. பல பத்தாண்டுகள் ஏறத்தாழ எல்லா முட்டையும் விற்பனைக்குப் போனது, ஆழ்கடலில் பெரும் கப்பல்களின் மிதவை வலைகள் தாய் ஆமைகளை வாரியது. 1885 முதல் 2007 வரை அறுத்துப் பார்த்த 408 ஏழுவரிகளின் பதிவுகளைத் திரட்டி 2009-இல் ஒரு கட்டுரை வந்தது. 34 சதவீதத்தின் குடலில் பிளாஸ்டிக். அதன் முதல் பதிவு 1968. சொறிமுட்டை தின்னும் ஆமைக்குப் பிளாஸ்டிக் பையும் சொறிமுட்டையும் ஒன்றுபோல் தெரிகிறது. பத்துக் கோடி ஆண்டு கிடக்கட்டும். நடந்ததெல்லாம் ஒரு மனித ஆயுளுக்குள்.

இன்னொரு இடமும் இருக்கிறது, பெரிய நிகோபார். இந்தியாவில் ஏழுவரி முட்டையிட வரும் முக்கியக் கரைகளில் ஒன்று அங்கேயுள்ள கலத்தியா வளைகுடா. 1997-இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2004 சுனாமி அந்த மணலையே அடித்துக்கொண்டு போனது. பின் மணல் மெல்லச் சேர்ந்தது, ஆமைகளும் வந்தன. 2021 ஜனவரியில் சரக்குப் பெயர்ச்சித் துறைமுகத்துக்காக அந்தச் சரணாலய அறிவிப்பை நீக்கினார்கள். அதே மாதத்தில் மத்திய அரசு வெளியிட்ட கடலாமைச் செயல்திட்டம் கலத்தியாவை முக்கியமான ஆமைக் கரையாகப் பட்டியலிடுகிறது. 2022 நவம்பரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் எல்லாம் சேர்ந்த திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். 'லட்சோபலட்சம் ஆண்டு தாங்கியது, சுனாமியையும் தாங்கியது, துறைமுகத்தையும் தாங்கும்' என்று யாராவது சொன்னால் என்னைப் போன்றவர்கள் எழுதிய துண்டறிக்கைதான் அதற்கு ஆதாரம். இது என்னை உறுத்துகிறது.

அந்தத் தீவில் மனிதர்களும் இருக்கிறார்கள். நிகோபாரிகள், காட்டுக்குள் சில நூறு ஷோம்பென் மக்கள். ஷோம்பென்கள் அரசுப் பட்டியலில் எப்படி எழுதப்பட்டார்கள் என்று பாருங்கள். 1975-இல் உருவான அந்தப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரின் தமிழ், 'ஆதிநிலைப் பழங்குடிக் குழு'. 2006-இல்தான் 'ஆதிநிலை'யை எடுத்துவிட்டு 'எளிதில் பாதிப்புக்குள்ளாகும்' என்று மாற்றினார்கள். ஆனால் அளவுகோல்கள் பழையவைதான்: வேளாண்மைக்கு முந்தைய தொழில்நுட்பம், குறைந்த எழுத்தறிவு, பெருகாத மக்கள்தொகை. உழவு இல்லை, எழுத்து இல்லை, பெருக்கம் இல்லை. இல்லைகளின் பட்டியல். கோப் ஆமைக்கு எழுதிய 'அதீகே' என்ற சொல்லின் இலக்கணமும் இதுதான்: நம்மிடம் இருப்பது அவர்களிடம் இல்லை, ஆகவே அவர்கள் நமக்கு முந்தியவர்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆமையையும் மனிதரையும் நான் ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். நிர்வாகக் கோப்புகளில் அது இன்னும் நடக்கிறது. நான் ஒப்பிடுவது இரண்டு வாசிப்புகளை. காட்டுக்குள் விலகி வாழ்வது ஒரு தேர்வாக இருக்கலாம். வெளியிலிருந்து வந்த நோயையும் ஆட்களையும் பார்த்தபின் எடுத்த முடிவாக இருக்கலாம். அது பின்தங்கல் என்று முடிவுகட்டியபின் இந்தக் கேள்வியைக் கேட்கவே இடமில்லாமல் போகிறது. ஆமையின் விஷயத்திலாவது ஹொக்கைடோவில் ஒரு பாறை பிளந்து சாட்சி சொன்னது.

பிறகு ஒருமுறை அந்தக் குப்பத்துக்குப் போனேன். பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஜப்பான் ஆமையின் கதையைச் சொன்னேன். சூரியகாந்தி முதுகையும் சொன்னேன், அதை ரசித்தார்.

"அப்ப இதோட பாட்டன் ஓடு வச்சிருந்தவன்தான்னு சொல்லுங்க."

"ஆமா."

"ஏழு வரி?"

"அந்த ஜப்பான் ஆமைக்கு இல்ல பெரியவரே. அது அப்புறமா வந்தது."

"அப்ப மாறித்தானே இருக்கு."

மிச்சமிருந்த துண்டறிக்கைகளில் 'மாறாமல்' என்பதைப் பேனாவால் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றை அவரிடம் கொடுத்தேன். அடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். நிகோபார் சேதியைப் படித்துச் சொன்னதும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்தத் துறைமுகத்துக்கு வாய்க்கால் எவ்வளவு ஆழம் தோண்டுவாங்க தம்பி? தோண்டுற மண்ண எங்க கொட்டுவாங்க?"